கடைவீட்டுச் சுவர்ல உப்பு பூக்குது, மறுபடி சிமெண்ட் பூசலாமா? (ஜார்ஜ் டவுன்)

மசாலாக்கடை_பொண்ணு எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் எங்க அப்பாவோட மசாலாக்கடை இருக்கு. கீழ கடை, மேல நாங்க முன்னாடி குடியிருந்த வீடு, இப்போ மேல பாதி ஸ்டோர், பாதி சும்மா கெடக்கு. கட்டடம் எங்களோடது இல்ல, வாடகைதான், ஆனா தாத்தா காலத்துலேருந்து அதே இடம்தான்.

பிரச்சனை என்னன்னா இடது பக்கச் சுவர், அதாவது பக்கத்துக் கடைக்கும் எங்களுக்கும் பொதுவா இருக்குற சுவர், தரையிலேருந்து பெயிண்ட் பொரிஞ்சு பொரிஞ்சு விழுது, கையால தொட்டா வெள்ளையா மாவு ஒட்டுது, மல்லி மூட்டை மஞ்சள் மூட்டை எதையும் அந்தப் பக்கம் சாத்தி வைக்க முடியல, அடியில ஈரம் புடிச்சு கட்டி தட்டிடுது. சில வருஷம் முன்னாடி ஓனர் அனுப்பின ஆளு ஒருத்தர் இடுப்பு உயரத்துக்கு பழைய பூச்சைக் கொத்திட்டு சிமெண்ட் பூசி மேல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிட்டுப் போனாரு. ரெண்டு மழைக்காலம் நல்லா இருந்துச்சு. இப்போ அந்த சிமெண்ட் எங்க முடியுதோ அதுக்கு மேல புதுசா பொரிய ஆரம்பிச்சிருக்கு, நெஞ்சு உயரத்துல!

இப்போ வந்து பாத்த கொன்ட்ராக்டர் என்ன சொல்றாருன்னா, 6 அடி உயரத்துக்கு சிமெண்ட் ஏத்திடலாம், தரையில இருக்குற பழைய சிவப்பு ஓட்டுக்கல்லை எடுத்துட்டு டைல்ஸ் போடலாம், வீட்டு நடுவுல வானம் பாத்து திறந்து கெடக்குற முத்தத்துக்கு (முற்றத்துக்கு) மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிட்டா மழை உள்ள வராது, உங்களுக்கு சாமான் வைக்க இடமும் கெடைக்கும்னு. அப்பாவுக்கு சரின்னு படுது. எனக்கு என்னமோ மனசு ஒப்பல. சின்ன வயசுல அந்த முத்தத்துலதான் நாங்க அரிசி மாவு காய வைப்போம், மிளகாய் காய வைப்போம், அதுக்காக மட்டும் இல்ல, உண்மையிலேயே அதை மூடினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணும்.

இன்னொண்ணு, இந்த மாதிரி வீடுங்களை ஏன் இப்படிக் கட்டினாங்கன்னு விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. முன்னாடி பாத்தா ஒரு கை அகலம், உள்ள போனா போய்க்கிட்டே இருக்கு. ரோட்டுல கைடுங்க டூரிஸ்ட்டுக்கு சொல்றதைக் கேட்டா ஆளுக்கு ஒரு கதை.

சுண்ணாம்பு_மேஸ்திரி எழுதினது:

தங்கச்சி, மொதல்ல ஒண்ணு, அந்த கொன்ட்ராக்டர் கிட்ட வேலையைக் குடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் காரைக்குடி பக்கம், பழைய வீட்டு வேலை அங்க கத்துக்கிட்டு இங்க ஜார்ஜ் டவுன்ல பழைய கட்டட ரிப்பேர்ல இருக்கேன், நீங்க சொல்ற இதே சுவரை தெருவுக்கு தெரு பாக்குறேன்.

உங்க சுவர் சுட்ட செங்கல், சுண்ணாம்புக் கலவையில கட்டினது. அடியில இன்னைக்கு போடுற மாதிரி ஓதம் தடுக்குற ஷீட்டு எதுவும் கிடையாது. கடல் பக்கத்துல ஊரு, மண்ணுக்குள்ள கொஞ்சம் ஆழத்துலயே தண்ணி, அந்தத் தண்ணியில உப்பு. விளக்குத் திரி எண்ணெயை இழுக்குற மாதிரி செங்கல் அந்தத் தண்ணியை மேல இழுக்கும், அதை யாராலயும் முழுசா நிறுத்த முடியாது, அன்னைக்கு கட்டினவங்களும் நிறுத்தப் பாக்கல. ஏறுற தண்ணி சுவரோட ரெண்டு பக்கமும் சுண்ணாம்புப் பூச்சு வழியா ஆவியா போயிடட்டும்னுதான் கட்டியிருக்காங்க. தண்ணி போயிடும், உப்பு பூச்சுலயே தங்கி கல்கண்டு மாதிரி கட்டியாகி பூச்சை உடைக்கும், அப்போ பூச்சைக் கொத்தி எடுத்துட்டு புதுசா பூசணும், செங்கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. பூச்சு அடிவாங்கறதுக்குன்னே இருக்கு, செங்கல் நிக்கறதுக்கு இருக்கு. இதைப் புரிஞ்சிக்கிட்டா மீதி எல்லாம் தானா விளங்கும்.

இப்போ சிமெண்ட் பூசினா என்ன ஆகும்? சிமெண்ட் கெட்டி, மூச்சு விடாது, அதுக்கு மேல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் வேற. உள்ள ஏறுற தண்ணிக்கு வெளிய போற வழி அடைபட்டுச்சு, அதனால அது இன்னும் மேல ஏறி சிமெண்ட் எங்க முடியுதோ அங்க வந்து வெளிய வரும். உங்க சுவர்ல நடந்தது இதேதான், இடுப்புல இருந்தது நெஞ்சுக்கு வந்துச்சு. 6 அடி பூசினா 7 அடியில வரும். அதைவிட மோசம், உப்பு இப்போ சிமெண்ட்டுக்குப் பின்னாடி செங்கல்லுக்குள்ளயே கட்டுது, சில வருஷம் கழிச்சு அந்த சிமெண்ட்டைப் பேத்தா செங்கல்லோட முகமும் அதோட சேந்து பேந்து வரும், உள்ள பாத்தா செங்கல் பொடியா இருக்கும். நான் விரலாலயே தோண்டி எடுத்திருக்கேன் அப்படி செங்கல்லை. அது மேல் மாடியைத் தாங்குற சுவர், தங்கச்சி, சும்மா தடுப்புச் சுவர் இல்ல.

தரை டைல்ஸும் அதே கணக்குதான். சிவப்பு ஓட்டுக்கல் தரை அடியில இருக்குற ஈரத்தை கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கும். அதை எடுத்துட்டு காங்கிரீட் போட்டு பளபள டைல்ஸ் ஒட்டினா கடை முழுக்க அடியில இருக்குற ஈரம் போக வழி இல்லாம சுவரைத் தேடி வரும். மூணாவது முத்தம். சுவர் காயணும்னா காத்து ஓடணும், காத்து ஓடறதே அந்த முத்தத்தாலதான். அந்த ஆளு சொன்ன மூணு வேலையும் சேந்து உங்க சுவரை மூணு பக்கமும் அடைச்சிடும்.

வீட்டோட அமைப்பைப் பத்தி நல்லா தெரிஞ்சவங்க இங்க இருக்காங்க, அவங்க சொல்லட்டும். எனக்கு ரெண்டு விஷயம் சொல்லுங்க. முன்னாடி அஞ்சடியோட, அதாவது கடை வாசல்ல மாடிக்கு அடியில வர்ற நடைபாதையோட தரை ரோட்டை விட உயரமா பள்ளமா? பின்னாடி கூரைத் தண்ணி எங்க விழுது?

சிராங்கூன்_ரோடு எழுதினது:

மேஸ்திரி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் சிங்கப்பூர், படிச்சது கட்டடக்கலை, இந்த கடைவீடுகள்னா எனக்கு உயிரு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

அகலம் ஏன் குறைச்சல்? வரிக்குப் பயந்து முகப்பை சின்னதா கட்டினாங்கன்னு கைடுங்க சொல்ற கதைதான் ரொம்ப பேருக்குத் தெரியும். ஆனா வீட்டுக்குள்ள நின்னு மேல அண்ணாந்து பாருங்க, பதில் அங்கயே இருக்கு. ரெண்டு பக்கமும் பொதுச்சுவர், அந்தச் சுவர்லேருந்து இந்தச் சுவருக்கு குறுக்க மரச்சட்டம் வரிசையா போட்டு, அதுக்கு மேல பலகை அடிச்சா அதுதான் மேல்மாடித் தரை. நடுவுல தூண் வேண்டாம். ஒரே மரம் நடுவுல தொய்யாம எவ்ளோ தூரம் தாங்குமோ அதுதான் வீட்டோட அகலம், பெரும்பாலும் 15லேருந்து 20 அடிக்குள்ள. கூரைக்கும் அதே முறை, சுவருக்குச் சுவர் மரம், அதுக்கு மேல ஓடு. அகலத்தை மரம் முடிவு பண்ணிடுச்சு, அப்போ இடம் வேணும்னா பின்னாடிதான் போக முடியும், ரோட்டோரத்துல கடை முகப்பு எல்லாருக்கும் வேணும், ஆளுக்குக் கொஞ்சம்தான் கெடைக்கும். அதனால 100 அடிக்கு மேல உள்ள போற வீடெல்லாம் இருக்கு. பொதுச்சுவரை கூரைக்கு மேலயும் கொஞ்சம் தூக்கிக் கட்டியிருக்கறதைப் பாத்திருப்பீங்க, ஒரு வீட்டுல தீ புடிச்சா அடுத்த கூரைக்குத் தாவாம இருக்க.

இப்போ இந்த நீளத்துல ஒரு சிக்கல். ரெண்டு பக்கமும் சுவர், ஜன்னலே வைக்க முடியாது, வெளிச்சம் முன்னாடியும் பின்னாடியும்தான். நடுவுல இருட்டு. அதுக்குத்தான் முத்தம், நீளமான வீடுன்னா ரெண்டு மூணு கூட இருக்கும். வெயில்ல சூடான காத்து முத்தம் வழியா மேல போகும், அந்த இடத்தை நிரப்ப அஞ்சடியோட நிழல்லேருந்து கொஞ்சம் குளுந்த காத்து கடை வழியா உள்ள வரும். கதவுக்கு மேல கம்பி போட்ட திறப்பு, மாடியில சரிஞ்ச பலகை வெச்ச ஜன்னல், சுவர் உச்சியில பூவேலை போட்ட ஓட்டை, எல்லாமே இந்தக் காத்துக்காகத்தான், அழகுக்குன்னு மட்டும் வெச்சது இல்ல. ராத்திரி கடை மூடின பிறகும் காத்து ஓடும். முத்தத்து மேல பாலிகார்பனேட் போட்டு மூடினா வெளிச்சம் வரும், ஆனா சூடும் ஈரமும் உள்ளயே நிக்கும், மசாலாக் கடைக்கு இதைவிடக் கெடுதல் வேற இல்ல.

அஞ்சடி பத்தி: சிங்கப்பூர்ல 1822ல வெள்ளைக்கார அதிகாரி ராஃபிள்ஸ் நகரத் திட்டம் போட்டப்போ, செங்கல்லும் ஓடும் போட்ட வீடுங்களுக்கு முகப்பு ஒரே மாதிரி இருக்கணும், ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் ஒரு திண்ணை, அது தெரு நெடுக விட்டுப்போகாம எல்லாரும் எப்பவும் நடக்குற வழியா திறந்து இருக்கணும்னு சொல்லிட்டாரு. நிலம் வீட்டுக்காரரோடது, நடக்குற உரிமை ஊரோடது. மேல்மாடி அதுக்கு மேல நீட்டிக்கிட்டு வந்து தூண்ல நிக்கும், அதனால மழையோ வெயிலோ தெரு இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரை நனையாம போகலாம். பேருக்கு அஞ்சடி, அளந்தா பல இடத்துல அதுக்கு மேலயே இருக்கும். ஆனா இருக்குறவங்க சும்மா விடுவாங்களா, சாமான் பரப்பினாங்க, முடி வெட்டினாங்க, சாப்பாட்டுக் கடை போட்டாங்க. 1888ல முனிசிபாலிட்டி அதைக் காலி பண்ணப் போயி சிங்கப்பூர்ல கலவரமே வந்துடுச்சு, கடையெல்லாம் அடைச்சு ட்ராம் மேல கல்லெறிஞ்சாங்க. அந்த இழுபறி இன்னைக்கும் உங்க தெருவுல தினமும் நடக்குதுன்னு நெனைக்கிறேன்.

பின்பக்கத்துக்கு தனியா ஒரு கதை. ஆரம்பத்துல வீட்டுக்குப் பின்னாடி வீடு முதுகோட முதுகு ஒட்டி நின்னுச்சு, மலம் அள்ளுறதுகூட முன்வாசல் வழியாதான். ஒரு வீட்டுக்குள்ள பலகைத் தடுப்பு போட்டு அறை அறையா பிரிச்சு, ஜன்னலே இல்லாத அறையில குடும்பம் குடும்பமா இருந்தாங்க, காசநோய் அடிச்சுத் தின்னுச்சு. 1907ல சிம்ப்ஸன்னு ஒரு பொதுச்சுகாதார பேராசிரியர் சிங்கப்பூரைப் பத்தி ரிப்போர்ட் குடுத்தாரு, பின்சந்து வெட்டணும்னு சொன்னாரு. அதுக்குப் பிறகுதான் வீடுகளோட பின்பக்கத்தை அறுத்து சந்து வந்துச்சு. பின்சந்துல நின்னு பாத்தா சுழல் இரும்புப் படிக்கட்டு தெரியுமே, எல்லாம் அப்புறம் வந்தது. இந்த வீடுகளை ரசிக்கிறவங்க அந்த அறைகளையும் மறக்கக் கூடாதுன்னு நான் நெனைக்கிறேன், காத்துக்காகக் கட்டின வீட்டுல காத்தே இல்லாம வாழ்ந்திருக்காங்க, வீட்டோட தப்பு இல்ல அது, வாடகைக்கு ஆளை அடைச்சதோட தப்பு.

பழைய_பினாங்கு எழுதினது:

அம்மாடி, உன் கடை எந்தப் பக்கம்னு சொல்லலன்னாலும் எனக்கு அந்தத் தெருவெல்லாம் பழக்கம். நான் பொறந்தது அந்த மாதிரி ஒரு கடைவீட்டு மாடியிலதான்.

நீ உன் கடையில ஒரு காரியம் பண்ணு. மேல்மாடியில முன்பக்கம், அஞ்சடிக்கு மேல வர்ற பலகைத் தரையில, பாய் எல்லாம் தூக்கிட்டுத் தேடிப் பாரு, ஒரு சின்ன பலகைத் துண்டு தனியா கழட்டுற மாதிரி இருக்கலாம். கழட்டினா நேரா வாசல் கதவு தெரியும். ராத்திரி யாரு தட்டுறான்னு பாக்க. எங்க வீட்டுல அது இருந்துச்சு, எங்க பாட்டி அதுல கண்ணை வெச்சிக்கிட்டு வந்தவன் கிட்ட அரை மணி நேரம் விசாரிப்பாங்க, அப்புறம்தான் தாழ்ப்பாள். அதே மாதிரி கடைக்கு உள்ள மேல்தளத்துல சதுரமா ஒரு கதவு இருக்கும், கயித்துல மூட்டையைக் கட்டி மேல இழுக்க. கடையை அடைக்கற பலகைங்களைக் கவனிச்சிருக்கியா? ஒவ்வொண்ணுலயும் நம்பர் எழுதியிருக்கும், அந்த வரிசையில சொருகினாத்தான் கடைசிப் பலகை உக்காரும், மாத்திப் போட்டா உக்காராது. இப்போ எல்லாரும் இரும்பு ஷட்டர் போட்டுட்டாங்க. பலகை இன்னும் இருந்தா தயவுசெஞ்சு விறகுக்குப் போட்டுடாதே.

கடையும் வீடும் ஒண்ணா இருக்கறதுக்கு நம்மாளுங்க எடுத்த உருவம் கிட்டங்கி. செட்டியாருங்க வட்டிக்கடை. ஒரே நீளக் கூடத்துல சுவரோரமா ஆளுக்கு ஒரு பெட்டியடி, தரையில பாய், குட்டி மேசை, பக்கத்துல இரும்புப் பெட்டி, ஒரு கிட்டங்கியில பல கடை. பகல்ல வியாபாரம், ராத்திரி அங்கயே படுக்கை, சமையல் பொதுவா பின்னாடி. குடும்பமெல்லாம் ஊர்ல. சிங்கப்பூர்ல மார்க்கெட் ஸ்ட்ரீட்ல வரிசையா இருந்த கிட்டங்கிங்க இப்போ இல்ல, மாடிக்கட்டடம் வந்துடுச்சு. இங்க பினாங்கு ஸ்ட்ரீட்ல கோவில் வீடு நிக்குது, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்கேருந்துதான் கெளம்புது, வெளிய பாத்தா அதுவும் கடைவீட்டு வரிசையில ஒண்ணுதான். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுத்தி இருக்குற கடைவீடுகளும் அப்படித்தான், 1801ல கிழக்கிந்திய கம்பெனி குடுத்த நிலம், வக்ஃபு சொத்து, அதாவது பள்ளிவாசல் தர்மத்துக்குன்னு எழுதி வெச்சது, வர்ற வாடகையில பள்ளிவாசல் காரியம் நடந்துச்சு.

இந்த ஊரு இப்படி அப்படியே நிக்கறதுக்கு ஒரு காரணம் சொல்றேன், நிறைய பேரு சொல்ல மாட்டாங்க. வாடகைக் கட்டுப்பாடு. 1966 சட்டம், 1948க்கு முன்னாடி கட்டின வீட்டுக்கு வாடகையை ஏத்த முடியாது, ஆளை வெளியேத்தவும் முடியாது. ஓனருக்கு இடிச்சுக் கட்டவும் வழி இல்ல, ரிப்பேர் பண்ணவும் காசு இல்ல, குடியிருந்தவங்க அப்படியே இருந்தாங்க. மீன் விக்கிறவன், தையக்காரன், பூக்கட்டுறவ, கூடை பின்னுறவன் எல்லாரும் நடு ஊர்ல வாழ முடிஞ்சுது. 2000 பொறக்கும்போது அந்தச் சட்டம் முடிஞ்சுது. ஒரே வருஷத்துல தெருத் தெருவா காலி. நான் பாத்தேன், லாரியில பீரோவை ஏத்திக்கிட்டுப் போறாங்க, ரெண்டு தலைமுறை இருந்த வீடு. அப்புறம் பூட்டிக் கெடந்த வீட்டுல சிலர் சூப்புக்கு விக்கிற கூட்டுக்காக உழவாரக் குருவி வளத்தாங்க, ஜன்னலையெல்லாம் செங்கல் வெச்சு அடைச்சு உள்ள தண்ணி தெளிச்சு ஈரம் ஏத்தி, மரமெல்லாம் உளுத்துப்போச்சு, அது தெருவுக்கே நாசம்னு அப்புறம் வெளியேத்தினாங்க. 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் சேந்துச்சு, கட்டடத்துக்குக் காவல் வந்துச்சு, ஆனா உள்ள இருந்த மனுசங்களுக்கு அந்தக் காவல் இல்ல. நீங்க இன்னும் அதே இடத்துல கடை நடத்துறது எனக்கு எவ்ளோ சந்தோசம்னு சொல்லத் தெரியல.

கணக்கு_புள்ளை எழுதினது:

எல்லாரும் நல்லா சொல்றீங்க, நானும் மதிக்கிறேன், ஆனா இவங்க வாடகைக்கு இருக்குறவங்க. சுண்ணாம்பு வேலைன்னா ஆளு கெடைக்கறது கஷ்டம், கூலி அதிகம், காய நாளாகும், கடையை மூடணும். சிமெண்ட் ரெண்டு நாள்ல முடியும். அடுத்த வருஷம் ஓனர் வித்துட்டா? ஹோட்டல்காரன் வாங்கிட்டா இவங்க போட்ட காசு போச்சு. சுவர் ஓனரோடது, ஓனரே பாத்துக்கட்டும்.

சிராங்கூன்_ரோடு எழுதினது:

கணக்கு அண்ணே, நீங்க கேக்குறது நியாயமான கேள்வி, ஓனர் பொறுப்புங்கறதுலயும் சந்தேகமே இல்ல. ஆனா சிமெண்ட்டோட கணக்கைப் போட்டுப் பாருங்க, ஒரு தடவை பூசியாச்சு, பொரிஞ்சாச்சு, இப்போ ரெண்டாவது தடவை இன்னும் உசரமா. மூணாவது தடவை செங்கல்லையே மாத்த வேண்டி வரும், அப்போ மேல்மாடிக்கு முட்டுக் குடுத்துட்டுதான் வேலையே ஆரம்பிக்க முடியும். அது யார் காசுன்னாலும் பெரிய காசு. பொதுச்சுவர் வேற, பக்கத்துக் கடைக்காரருக்கும் சேத்து போகும்.

இன்னொண்ணு, ஜார்ஜ் டவுன் பாரம்பரிய எல்லைக்குள்ள இருக்குற கடைவீடுன்னா ஓனர் இஷ்டத்துக்கு எதுவும் பண்ண முடியாது. மூல எல்லை 109 ஹெக்டேர், அதைச் சுத்தி காப்பு எல்லை 150 ஹெக்டேர், உள்ள இருக்குற கட்டடங்களைத் தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க, முதல் ரெண்டு தரத்துல இருக்கறதை காப்பாத்தியே ஆகணும், முத்தத்தை மூடுறது, கூரையை மாத்துறது இதுக்கெல்லாம் மாநகராட்சி அனுமதி வேணும். அதனால வேலைக்கு முன்னாடி ஓனர் மாநகராட்சியிலயும் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்துலயும் ஒரு வார்த்தை கேட்டுடறது அவருக்கே நல்லது. அனுமதி இல்லாம ஷீட் போட்டுட்டு அப்புறம் எடுக்கச் சொன்னா ரெண்டு செலவு.

சிங்கப்பூர்லயும் இதே பாடம்தான். 1989ல சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் எல்லாம் சேத்து பாதுகாப்புப் பகுதின்னு அறிவிச்சாங்க, இப்போ 7,000க்கு மேல கட்டடம் அந்தப் பட்டியல்ல. ரொம்ப நல்ல காரியம், அது இல்லன்னா சிராங்கூன் ரோட்டுல பாதி இருந்திருக்காது. ஆனா சில இடத்துல உள்ள போய் பாத்தா மனசு வலிக்கும், முகப்புல பூவேலை பளிச்சுன்னு இருக்கும், உள்ள முத்தம் இருந்த இடத்துல லிஃப்டு, ஏசி இல்லாம உக்கார முடியாது. சட்டத்தால முகத்தைக் காப்பாத்திட முடியுது. உள்ள அந்தக் காத்தும் ஈரமும் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச ஆளுங்கதான் மீதியைக் காப்பாத்தணும், நம்ம மேஸ்திரி மாதிரி.

நம்மாளுங்களுக்கும் இந்தச் சுவருக்கும் சம்பந்தம் இன்னைக்கு நேத்து இல்ல. 1819ல ராஃபிள்ஸோட பினாங்குலேருந்து சிங்கப்பூருக்குப் போன நாராயண பிள்ளை அங்க செங்கல் சூளை போட்டாரு, கட்டட வேலை எடுத்து நடத்தினாரு, மாரியம்மன் கோயிலுக்கு அடி போட்டவரும் அவருதான். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு உள்ள பூசினது மெட்ராஸ் சுண்ணாம்பு, சிப்பிச் சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு, சக்கரை எல்லாம் சேத்து தேங்காய் மட்டை ஊறின தண்ணி விட்டுக் குழைச்சது, வேலை செஞ்சது இந்தியாவுலேருந்து கப்பல்ல கொண்டுவந்த கைதிங்க. அந்தக் கைதிங்க பேரு எந்தக் கல்லுலயும் இல்ல, பூச்சு மட்டும் நிக்குது.

மசாலாக்கடை_பொண்ணு எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, அப்பாவை உக்கார வெச்சு முழுசும் படிச்சுக் காட்டினேன். பெரியவர் சொன்ன பலகைத் துண்டு இருக்கு!! மேல ஸ்டோர்ல அரிசி மூட்டைக்கு அடியில, பித்தளை வளையம் போட்டு, கழட்டினா நேரா கீழ கல்லாப்பெட்டி பக்கத்துக் கதவு தெரியுது, அப்பாவுக்கே தெரியல. மூட்டை தூக்குற சதுரக் கதவும் இருக்கு, அதை ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க. கடைப் பலகை இல்ல, ஷட்டர்தான்.

மேஸ்திரி அண்ணா, நீங்க கேட்டது: அஞ்சடி ரோட்டை விட பள்ளம். தாத்தா காலத்துல ரெண்டு படி ஏறி வரணுமாம், ரோட்டுல தார் மேல தார் போட்டு போட்டு இப்போ ரோடு அஞ்சடிக்கு மேல வந்துடுச்சு, பெருமழை வந்தா கடைக்குள்ள தண்ணி, நாங்க மணல் மூட்டை வைப்போம். கூரைத் தண்ணி பாதி முத்தத்துல விழுந்து அங்க இருக்குற கல்லு சாக்கடை வழியா பின்சந்து லோங்காங்குக்கு (தெருச் சாக்கடைக்கு) போகணும், ஆனா இப்போ மழை பெஞ்சா முத்தத்துல கணுக்கால் தண்ணி நின்னு மெதுவாத்தான் வடியுது. முத்தத்தோட இடது சுவர்தான் எல்லாத்தையும் விட மோசம்னு இப்போ எழுதும்போதுதான் தோணுது.

சுண்ணாம்பு_மேஸ்திரி எழுதினது:

ஆமா தங்கச்சி, நோயோட வேர் அங்கதான் இருக்கு. மொதல் வேலை சுவர் இல்ல, சாக்கடை. முத்தத்துல நிக்குற தண்ணி பூரா பக்கத்துச் சுவர் அடியிலதான் இறங்குது. கல்லுக்கடியில போற அந்தச் சாக்கடை எங்கயோ அடைபட்டிருக்கு இல்ல உடைஞ்சிருக்கு, பெரும்பாலும் பின்சுவரைத் தாண்டுற இடத்துல சகதி கட்டியிருக்கும். ஒரு ஆளை வெச்சு முத்தத்துப் பக்கம் ரெண்டு கல்லைத் தூக்கி, வளையற மூங்கில் தப்பை விட்டு குத்தி, தண்ணி வேகமா ஊத்தி பின்சந்துல எவ்ளோ வருதுன்னு பாருங்க. கல்லை நம்பர் போட்டு எடுத்து அதே இடத்துல வைக்கச் சொல்லுங்க. கூரை ஓட்டுல முத்தத்தைச் சுத்தி இருக்குற தகரக் காவாய் ஓட்டை இருந்தா அதையும் பாத்துடுங்க. இது பெரிய செலவே இல்ல, ஓனர்கிட்ட கேட்டா இதுக்கு மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. ரோடு உயரம் நம்ம கையில இல்ல, அதுக்கு தெருவுல இருக்குற கடைக்காரங்க எல்லாரும் சேந்து மாநகராட்சிக்கு எழுதணும், அடுத்த தடவை தார் போடும்போது பழசைச் சுரண்டிட்டுப் போடச் சொல்லி.

ரெண்டாவது, சுவர்ல இருக்குற சிமெண்ட்டை எடுக்கணும். மெஷின் வெச்சு கொத்த விடாதீங்க, செங்கல் முகம் போயிடும், உளியும் சுத்தியும் வெச்சு மெல்ல. எடுத்துட்டு அப்படியே விட்டுடுங்க, பூசாதீங்க. நல்ல மழை இல்லாத மாசமா பாத்து, சுவர் பக்கத்துல மூட்டை இல்லாம, மேல ஜன்னலையும் முத்தத்தையும் திறந்து வெச்சு காய விடுங்க. உப்பு வெளிய பூக்கும், ஈரத்துணி வெச்சு துடைக்காதீங்க, உருகி திரும்ப உள்ள போயிடும், காஞ்ச பிரஷ்ஷால தட்டி முறத்துல வாங்கி வெளிய கொட்டுங்க. பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், வாடிக்கையாளர் கேட்டா சுவருக்கு வைத்தியம் பாக்குறோம்னு சொல்லுங்க. பல மாசம் ஆகும். அவசரப்பட்டா மறுபடி இதே கதைதான்.

காஞ்ச பிறகு, பொடியான செங்கல் மட்டும் மாத்தி, சந்துகளை சுண்ணாம்புக் கலவையால அடைச்சு, அப்புறம் பூச்சு. சுண்ணாம்பை நீத்து வாரக்கணக்குல தண்ணிக்கு அடியில ஊற வெச்சிருக்கணும், வெண்ணெய் பதத்துக்கு வரணும், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூணு பங்கு கழுவின மணல், கடல் மணல் கூடவே கூடாது. மெல்லிசா ரெண்டு மூணு தடவை, ஒவ்வொண்ணுக்கும் இடையில விட்டு. ‘கொஞ்சமா சிமெண்ட் சேத்தா சீக்கிரம் இறுகும்’னு யாராவது சொன்னா சேக்க விடாதீங்க. மேல எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பே அடிங்க. கலர் வேணும்னா காவி சேக்கலாம், நீலம் சேக்கலாம், லீத் ஸ்ட்ரீட்ல சொங் ஃபட் ஸீ மாளிகை அந்த நீலத்துலதான் நிக்குது, சுண்ணாம்புல அவுரி நீலம் கலந்து அடிச்சது.

கணக்கு அண்ணன் சொன்னதையும் கேட்டுக்கோங்க. சாக்கடையும் சிமெண்ட் எடுக்கறதும் இப்போ செய்யுங்க, அதுக்கு கையைக் கடிக்கிற காசு ஆகாது, அதுலயே பாதி ஈரம் குறையும். பூச்சு வேலைக்கு ஓனரோட பேசி, வாடகை ஒப்பந்தத்தை சில வருஷத்துக்கு எழுத்துல வாங்கிக்கிட்டு அப்புறம் இறங்குங்க. மூட்டைங்களைச் சுவர்லேருந்து ஒரு முழம் தள்ளி, மரப்பலகை ஸ்டாண்டு மேல வைங்க, இன்னைக்கே.

பழைய_பினாங்கு எழுதினது:

அந்த ஆணி அடிச்ச சதுரக் கதவைத் திறந்து வெச்சுப் பாரு அம்மாடி, அதுவும் காத்துக்கு ஒரு வழிதான். சுத்தி கம்பி வலை போட்டுக்க, பிள்ளைங்க விழுந்துடப் போவுது.

மசாலாக்கடை_பொண்ணு எழுதினது:

ஓனர்கிட்ட பேசியாச்சு, சாக்கடைக்கு சரின்னுட்டாரு, ஷீட் வேண்டாம்னு அப்பாவே சொல்லிட்டாரு. திங்கக்கிழமை கல்லைத் தூக்குறாங்க, உள்ள என்ன இருக்குன்னு படம் போடுறேன், மேஸ்திரி அண்ணா அன்னைக்கு கொஞ்சம் ஆன்லைன்ல இருங்க.

சுண்ணாம்பு_மேஸ்திரி எழுதினது:

இருக்கேன். செங்கல் கட்டின சாக்கடையா மண்குழாயான்னு மொதல்ல பாத்துச் சொல்லுங்க, மண்குழாய்னா மூங்கில் தப்பை வேண்டாம், உடைஞ்சிடும், தண்ணியை மட்டும் விடுங்க.